விழுந்தால் குறையாத பனி

காலை ஆறு மணிக்கே தூத்துக்குடியில் முப்பத்தாறு டிகிரி. உப்பளங்களுக்கு நடுவே ஓடும் சாலையில் சைக்கிளை மிதித்து வந்த டெல்சியா பூபாலராயர், குளிர்க்களத்தின் இரட்டைக் கதவுகளுக்கு இடையே இருந்த சிறிய அறையில் வியர்வை அடங்கும்வரை நின்றாள். பிறகு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சறுக்குக் காலணியின் நாடாக்களை இறுக்கிக் கட்டி, உள்ளே போனாள். தடுப்புப் பலகையைத் தாண்டி முதல் அடி வைத்ததுமே பனிக்கு அவளை அடையாளம் தெரிந்துவிடும். சுவரில் இருந்த பெரிய திரையில் அவள் பெயர் ஒளிர்ந்தது. பக்கத்தில் எண்: 88.12.

நேற்று மாலை கிளம்பும்போதும் அதே எண்தான். இடையில் மாற வழியே இல்லை. ஆனாலும் பார்த்தாள். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இந்தியாவின் பனிச்சறுக்கு நடனத்துக்குத் தூத்துக்குடி தலைநகரானது ஒரு வேடிக்கையான கதை. கடற்கரைக் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் தேவைக்கு மேல் தருகிற மின்சாரத்தைக் கொண்டு, இங்கே காற்றையே குளிர்வித்துத் திரவமாக்கிப் பெரிய தொட்டிகளில் சேமிக்கிறார்கள். மின்சாரம் வேண்டும்போது தொட்டியைத் திறந்தால் திரவக் காற்று பொங்கி விரிந்து டர்பைனைச் சுழற்றும். கூடவே யாருக்கும் வேண்டாத குளிரையும் கக்கும். அதை வீணாக்குவானேன் என்று ஒரு பொறியாளர் நிலையத்தின் பின்புறம் பனித்தளம் ஒன்றை அமைத்தார். அதற்குள் லடாக்கிலும் சிம்லாவிலும் குளங்கள் உறைவது நின்றுபோயிருந்தது. மலைநாட்டுப் பிள்ளைகள் காலணிகளைத் தூக்கிக்கொண்டு, ரயிலேறி, பனியைத் தேடி இந்தியாவின் தென்கோடிக்கு வந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் ஸ்டான்ஸின் டோல்மா. டெல்சியாவின் வீட்டு மாடியறையில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறாள். டெல்சியாவின் அம்மா வைக்கும் மீன் குழம்பும் ஊர்ப் பேச்சும் அவள் உடம்போடு ஒட்டிவிட்டன. திரையில் அவள் எண் 88.31. டெல்சியாவுக்கு ஒரு படி மேலே.

அந்த இருவருக்கும் மேலே, எட்ட முடியாத உயரத்தில், பூனாவிலிருந்து வந்த இஷ்வரி கெல்கர். 90.64. அடுத்த ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவுக்கு இந்தியா சம்பாதித்திருந்தது இரண்டு இடங்கள். முதல் இடம் இஷ்வரிக்கு என்று எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருந்தது ஒன்று.

"டெல்சி, ஒரு மூணு போட்டுட்டு மேல வா," என்று பலகைக்கு அப்பாலிருந்து பயிற்சியாளர் காந்திமதி குரல் கொடுத்தாள்.

மூன்று என்றால் முச்சுழல் தாவல். டெல்சியா வேகமெடுத்து, எழும்பி, காற்றில் மூன்று முறை சுழன்று சுத்தமாக இறங்கினாள். திரை அசையவில்லை. 88.12. ஒரு நல்ல தாவல் எதையும் மாற்றிவிடாது. ஒரு மோசமான தாவல்தான் மாற்றும்.

காரணம், இந்தப் பனி வெறும் பனி அல்ல; உணர்பனி. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள் ஓடின. யார் காலணிக் கத்தியின் எந்த விளிம்பில் எழும்பினார்கள், எத்தனை சுழல், எப்படி இறங்கினார்கள், விழுந்தார்களா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். நாட்டிலிருந்த நான்கு பனித்தளங்களும் உணர்பனித் தளங்களே. கடைசி அறுநூறு நாட்களில் ஒருவர் போட்ட ஒவ்வொரு தாவலும், பயிற்சியோ போட்டியோ, பதிவாகிச் சராசரியில் சேரும். அந்தச் சராசரிதான் தகுதி எண்ணில் பத்துக்கு ஒன்பது பங்கு. தேசியப் போட்டிக்கு மீதி ஒரு பங்கு. ஒலிம்பிக் அணியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. எண்ணே தேர்ந்தெடுத்துவிடும்.

முழுப்பதிவு விதி என்று அதற்குப் பெயர். அது கெட்ட எண்ணத்தில் வந்த விதி அல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, காந்திமதி நாட்டின் முதல் வீராங்கனையாக இருந்தாள். தேசியப் போட்டியன்று நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். இரண்டு முறை விழுந்தாள். நான்கு வருஷ உழைப்பு நான்கு நிமிஷத்தில் போயிற்று. தேர்வுக் குழுவில் பாதிப் பேர் அவளை அனுப்பலாம் என்றார்கள். மீதிப் பேர் முடியாது என்றார்கள். வழக்கு நீதிமன்றம்வரை போனது. அந்தத் தீர்ப்பின் பிறகுதான் விதி எழுதப்பட்டது. ஒரு நாள் காய்ச்சல் இனி யாருடைய வாழ்க்கையையும் தீர்மானிக்காது என்று எல்லோரும் கைதட்டினார்கள். காந்திமதியும் தட்டினாள்.

அதன்பிறகு யாரும் விழுவதில்லை. விழுந்தால் எண் குறையும். விழாமலிருக்க வேண்டுமென்றால் தெரிந்ததை மட்டும் செய்ய வேண்டும். புதுத் தாவலைச் சுழற்கூண்டில்தான் பழகுவார்கள். அது உடம்பைக் கயிறுகளில் தொங்கவிட்டுச் சுழற்றும் ஒரு கருவி. பனியில் வெற்றி பெறும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று கூண்டு சொன்னால்தான் பயிற்சியாளர் அனுமதிப்பார். நாற்சுழலுக்கு அது ஒருபோதும் தொண்ணூற்றைந்து சொன்னதில்லை. ஒன்பது வருஷமாக இந்தியாவில் எந்தப் பெண்ணும் பனியில் நாலு சுழன்றதில்லை. இரண்டாயிரம் பேர் உட்காரும் குளிர்க்களத்தில் தேசியப் போட்டிக்கே முந்நூறு பேர்தான் வந்தார்கள்.

டெல்சியா அதை மாற்ற வேண்டுமென்று நினைத்தவள் அல்ல. நடந்தது ஒரு தற்செயல்.

அவள் அம்மா ரெஜினா மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஐஸ் கம்பெனியும் சும்மா கிடக்கும். பராமரிப்புக்கு ரெஜினா மட்டும் போவாள். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு மதியம் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன டெல்சியா, ஏற்றுமதி இறால் வைக்கும் பழைய குளிர்கிடங்கின் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே குழாய் கசிந்து, முப்பத்தைந்து மீட்டர் நீளத் தரை முழுவதும் உறைந்து கிடந்தது.

"அதுல கால வைக்காத, வழுக்கும்," என்றாள் ரெஜினா.

டெல்சியா சிரித்துவிட்டாள். பையில் காலணி இருந்தது. கட்டிக்கொண்டு இறங்கினாள். மேடும் பள்ளமுமான பனி. இறால் வாடை வேறு. இரண்டாவது வளைவிலேயே கத்தி ஒரு மேட்டில் மாட்டித் தடாலென்று விழுந்தாள். விழுந்த மறுகணம் பழக்கத்தில் தலையைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அங்கே திரை இல்லை. காரை பெயர்ந்த சுவர்தான் இருந்தது. அந்தப் பனியில் இழைகள் இல்லை. அவள் விழுந்தது உலகத்தில் எங்கேயும் பதிவாகவில்லை.

அவள் மெதுவாக எழுந்தாள். வேண்டுமென்றே இன்னொரு முறை விழுந்து பார்த்தாள். பிறகு, பதினான்கு வயதிலிருந்து தூக்கத்தில் மட்டும் போட்டுக்கொண்டிருந்த தாவலைப் போட்டாள். சால்கோ என்ற வகைத் தாவல், நாலு சுழல். மூன்றரையில் தரை வந்து முகத்தில் அறைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி.

ரெஜினா ஓடிவந்தாள். "ஏட்டி, உனக்கு என்ன பைத்தியமா? வலிக்கலையா?"

"வலிக்குதும்மா. ஆனா குறையல."

ரெஜினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பம்பைப் போட்டு, மேடு பள்ளத்தின் மேல் ஒரு விரற்கடை தண்ணீர் விட்டாள். "அரை மணி நேரம் பொறு. சமமா ஒறையட்டும். விழுறதுதான் விழுற, நல்ல தரையில விழு," என்றாள்.

அன்று மதியம் டெல்சியா முப்பத்தொரு முறை விழுந்தாள்.

டோல்மாவுக்கு விஷயம் தெரிந்தது ஒரு காயத்தால். விதி வந்தபின் சறுக்கு வீராங்கனைகளின் உடம்பில் காயம் என்பதே கிடையாது. ஒரு காலை குளிர்க்களத்து உடைமாற்றும் அறையில் டெல்சியாவின் இடுப்பில் நாவற்பழ நிறத்தில் கை அகலக் கன்றலைப் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

"என்னட்டி இது? யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கல."

"பொய் சொல்லாத. எவன்னு சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்."

டெல்சியா கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாலு போடுதேன் டோல்மா. பத்துல நாலு தடவ நிக்கேன்."

ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டிருந்த இருவர் அவர்கள். இந்த ரகசியத்தை டெல்சியா சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அடுத்த ஞாயிறு டோல்மாவும் கிடங்குக்கு வந்தாள். முதல் தாவலிலேயே மல்லாந்து விழுந்து, கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அடிபட்டுவிட்டதோ என்று டெல்சியா பதறி ஓடினால், அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு வயசுல லேயில கடைசியா விழுந்தேன். எப்படி இருக்கும்னே மறந்துட்டேன்ட்டி!"

அதிலிருந்து ஞாயிறுதோறும் இருவரும் போனார்கள். ஒருத்தி தாவ, ஒருத்தி குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். 'தலை சாயுது', 'காலைச் சீக்கிரம் மடக்கு' என்று கத்துவாள். மூன்றாவது மாதத்தில் டெல்சியா இரண்டுக்கு ஒன்று நின்றாள். டோல்மா உயரமானவள், சுழற்சி அவளுக்கு மெதுவாகவே வந்தது. ஐந்துக்கு ஒன்று.

தேசியப் போட்டிக்கு ஐந்து நாள் இருந்தபோது டெல்சியா காந்திமதியிடம் போய் நின்றாள்.

"மேடம், நான் போட்டியில நாலு போடப் போறேன்."

காந்திமதி கையிலிருந்த தட்டைக் கணினியை மேசையில் வைத்தாள். "கூண்டு உனக்கு எவ்வளவு சொல்லுது?"

"அறுபத்தொண்ணு."

"அறுபத்தொண்ணு! நூத்துக்கு முப்பத்தொம்பது தடவ விழுவ. விழுந்தா நீ மூணாவது கூட இல்ல, ஆறாவதுக்குப் போயிருவ. தெரியுமா?"

"தெரியும். போடலைன்னா மூணாவது. டோல்மா தப்பே பண்ண மாட்டா. நான் வழக்கமா ஆடுற ஆட்டத்த ஆடினா எனக்கு எடம் இல்ல. இதையும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"என்ன பேசுத நீ? ஒரு நாள்ல எல்லாம் போயிரக் கூடாதுன்னுதான இந்த விதியே வந்தது! எனக்குப் போச்சே, அது மாதிரி ஆகக் கூடாதுன்னு. நீ என்னடான்னா எல்லாத்தயும் கொண்டுபோய் அந்த ஒரு நாள்ல வைக்கேங்குத."

டெல்சியா தலையைக் குனியவில்லை. "மேடம், அந்த ஒரு நாள் காய்ச்சலோட ஏன் ஆடினீங்க? ஆடாம இருந்திருக்கலாம்லா?"

காந்திமதி திரும்பி, கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே பனியில் வட்டமடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். ஒவ்வொருவரும் அளந்து வைத்த அடியில் அளந்து வைத்த தாவலைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கூண்டுப் பதிவ நானும் பாத்தேன்," என்றாள் கடைசியில். "ரெண்டாவது சுழல்ல ஒன் இடது தோள் விரியுது. அத மூடு. எழுபது வரும்."

போட்டி நாள் வந்தது. எப்படியோ சேதி கசிந்திருந்தது. உடைமாற்றும் அறையின் காயம் ஒன்று நான்கு பேர் வாய்க்குப் போய், நாலு சுழலப் போகிறார்களாம் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. முந்நூறு பேர் வரும் இடத்துக்கு ஆயிரத்தைந்நூறு பேர் வந்தார்கள். ஐஸ் கம்பெனி ஆட்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கம்பளி இல்லாமல் வந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். ரெஜினா இரண்டு கைகளாலும் முகத்தைப் பாதி மூடிக்கொண்டிருந்தாள்.

தரவரிசையில் கீழே இருப்பவர் முதலில் ஆட வேண்டும். கடைசி மூவரில் முதலாவதாக டெல்சியா பனியின் நடுவில் வந்து நின்றாள். உறுமியும் செல்லோவும் கலந்த அவள் இசை மெதுவாக ஆரம்பித்தது. முதல் ஒரு நிமிஷம் எல்லாம் வழக்கப்படி. ஒரு முச்சுழல், நின்ற இடத்திலேயே ஒரு சுழற்சி. அதன்பின் அவள் பின்னோக்கி வேகமெடுத்தாள். ஒரு எட்டு, இரண்டு, மூன்று. காற்று காதில் இரைந்தது. இத்தனை வேகத்தில் யாரும் இந்தக் களத்தில் வந்து பார்த்ததில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தம்மையறியாமல் பின்னால் சாய்ந்தார்கள்.

இடது காலின் உள்விளிம்பில் வளைந்து, வலது காலை வீசினாள்.

எழும்பியதும் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. ஒன்று. தோளை மூடு. இரண்டு. மூன்று. வழக்கமாக இறங்கும் இடம் வந்து, கடந்து போயிற்று. நான்கு. வலது கால் பனியைத் தொட்டது. உடம்பு முன்னால் சரிந்தது, முழங்கால் நடுங்கியது, விரல்நுனிகள் பனியை உரசின. ஆனால் கால் நின்றது. கத்தி பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போக, அவள் அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள்!

கூட்டம் ஒரு நொடி புரியாமல் விழித்தது. பிறகு ஐஸ் கம்பெனி வரிசையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. அது கூரைவரை போய்த் திரும்பி வருவதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இசை கேட்கவில்லை. மீதி இரண்டு நிமிஷத்தையும் டெல்சியா மனப்பாடத்தில்தான் ஆடி முடித்தாள்.

எண் வந்தது. 88.40. டோல்மாவின் 88.31-ஐத் தாண்டியாயிற்று!

பலகை ஓரத்தில் காந்திமதி அவளைக் கட்டிப்பிடித்தாள். பிடித்த பிடியிலேயே, காதருகே, மெல்லச் சொன்னாள். "டோல்மா வழக்கம்போல சுத்தமா ஆடினா எண்பத்தெட்டு நாப்பத்தேழு வரும். மனசத் தயார் பண்ணிக்க."

டெல்சியா தலையசைத்தாள். டோல்மா சுத்தமாகத்தான் ஆடுவாள். அறுநூறு நாளில் இரண்டே முறை தடுமாறியவள் அவள். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். நின்றாயிற்று. இத்தனை பேர் நடுவில் நாலு சுழன்று நின்றாயிற்று.

டோல்மா பனிக்குள் போகும்போது டெல்சியாவின் கையை ஒருமுறை இறுக்கினாள். முகம் சிவந்திருந்தது.

அவள் ஆட ஆரம்பித்தாள். நீண்ட கைகால்கள், தண்ணீரில் நாணல் அசைவது போல அசைவு. முதல் முச்சுழல் பிசிறில்லாமல் இறங்கியது. இனி நான்கு தாவல்கள். எல்லாம் அவள் தூக்கத்தில் போடக்கூடியவை. அவற்றை முடித்தால் ஒலிம்பிக். லேயில் அவள் அப்பா அம்மா அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரே வீட்டில் திரையின் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

டோல்மா வேகமெடுத்தாள். இது முச்சுழலுக்கான வேகம் இல்லை.

"இல்ல... வேண்டாம்ட்டி..." என்று டெல்சியா முணுமுணுத்தாள்.

டோல்மா எழும்பினாள். உயரம் இருந்தது. கிடங்கில் ஒருநாளும் வராத உயரம். ஒன்று, இரண்டு, மூன்று, அதற்குமேல் இன்னும் முக்கால். கத்தி பக்கவாட்டில் இறங்கிற்று. இடுப்பு, முழங்கை, தோள் என்று மொத்த உடம்பும் பனியில் மோதி, சுழன்றபடியே ஐந்து மீட்டர் சறுக்கிப் போய் நின்றது.

அரங்கம் அப்படியே செத்துப்போனது. வந்திருந்த பலர் வாழ்நாளில் ஒரு வீராங்கனை விழுந்து பார்த்ததில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"எந்திட்டி!" டெல்சியா பலகையைக் கைகளால் ஓங்கி அடித்தாள். "டோல்மா! எந்தி! எந்தி!"

பனித்தூள் ஒட்டிய முகத்தோடு டோல்மா ஒரு முழங்காலை ஊன்றினாள். பிறகு மற்றது. எழுந்து நின்று, தலையை ஒருமுறை உதறி, இசையில் தன் இடத்தைத் தேடிப் பிடித்து, அடுத்த வளைவுக்குள் போனாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எழுந்த சத்தத்துக்கு முன்னால், டெல்சியாவின் தாவலுக்கு எழுந்த கூச்சல் ஒன்றுமே இல்லை. யாரும் கைதட்டக்கூட இல்லை முதலில். தொண்டை கிழியக் கத்தினார்கள். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். டோல்மா மீதித் தாவல்களை முடித்து நடுவில் வந்து நிற்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

88.23.

டெல்சியாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. நூற்றில் பதினேழு பங்கு வித்தியாசத்தில். அவள் சந்தோஷப்படப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. உடைமாற்றும் அறையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டோல்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"எனக்காக ஏன்ட்டி இப்படிச் செஞ்ச?"

டோல்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் இருந்தது, கோபமும் இருந்தது. "ஒனக்காகவா? போட்டி போட்ட ஒருத்தி ஒனக்கு எடத்த விட்டுக் குடுப்பாளா? எனக்கும் அந்த எடம் வேணும். ரொம்ப வேணும்." மூக்கை உறிஞ்சினாள். "நீ நின்னத பாத்தேன்லா. அதுக்கப்புறம் போய் மூணு போட எனக்குக் கால் வரல. அவ்வளவுதான்."

இருவரும் அழுதார்கள். பிறகு டோல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முக்கால் எங்கட்டி போச்சு? தலை சாஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல. கால் மடக்க லேட்டாக்கிட்ட."

மறுநாள் பத்து மணிக்குக் குளிர்க்களத்தின் மாடி அறையில் கையெழுத்து. சம்மேளனச் செயலாளர் வெங்கடவரதன் சென்னையிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், முந்தைய நாள் கத்தியதில் அவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. இஷ்வரிக்கும் டெல்சியாவுக்கும் ஆளுக்கொரு ஒப்பந்தத்தை நீட்டினார். மாற்று வீராங்கனை என்ற முறையில் டோல்மாவும் வந்திருந்தாள். காந்திமதி சன்னலோரம் நின்றாள்.

டெல்சியா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஏழாவது வரியில் விரல் நின்றது.

"சார், இது என்ன? 'தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்குக் குறைவான வெற்றி வாய்ப்புள்ள எந்தத் தாவலையும் ஒலிம்பிக் முடியும்வரை போட்டியிலோ, எந்தப் பனியிலான பயிற்சியிலோ செய்ய மாட்டேன்'..."

"அது எப்பவும் இருக்கறதும்மா. அங்க நாம எடுக்கற எடத்த வெச்சுத்தான் அடுத்த ஒலிம்பிக்குக்கு நமக்கு எத்தன சீட்டுன்னு முடிவாகும். பன்னெண்டு வருஷமா எல்லாரும் போட்ட கையெழுத்துதான். யாரும் படிச்சதுகூட இல்ல."

"அப்ப நான் நாலு போடக் கூடாதா?"

"நேத்து நீ போட்டது அற்புதம். நானே பாத்தேன். ஆனா அங்க போய் விழுந்தா?"

டெல்சியா ஆறு வயதிலிருந்து ஏங்கிய காகிதம் அது. கையெழுத்துப் போட்டால் போகலாம். போய், அளந்து வைத்த அடியில் ஆடிவிட்டு, இருபதாவதாக வந்துவிடலாம். பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். திறந்த பேனாவைக் காகிதத்தின் மேல் அப்படியே படுக்க வைத்தாள்.

"இந்த வரியோட என்னால போட முடியாது சார்."

வெங்கடவரதன் அவளை நம்பமுடியாமல் பார்த்தார். "டெல்சியா, நீ போடலைன்னா விதிப்படி எடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்." டோல்மாவைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

செயலாளர் பெருமூச்சு விட்டு, காகிதத்தை மேசையின் மறுபக்கம் நகர்த்தினார். "டோல்மா?"

டோல்மா காகிதத்தைக் கையில் எடுத்தாள். நிதானமாக ஏழாவது வரியைத் தேடிப் படித்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. லேயில் அந்த வீட்டில் கூடியிருந்தவர்களை அவள் நினைத்திருக்க வேண்டும்.

"நேத்து முக்கால் சுழல்தான் கொறஞ்சுது," என்றாள். "அத நான் சரி பண்ணணும் சார். இதுல போட்டா பண்ண முடியாதுல்லா?" காகிதத்தைத் திருப்பி நடுவில் வைத்துவிட்டாள்.

இஷ்வரி ஏற்கனவே பேனாவைக் கையில் பிடித்து, தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருந்தாள். 90.64. நாட்டில் யாருக்கும் இல்லாத எண். நேற்று அவளும் பிசிறின்றி ஆடினாள், முதலிடத்தில் வந்தாள். ஆனால் அவள் ஆடும்போது யாரும் எழுந்து நிற்கவில்லை. அவள் டெல்சியாவைப் பார்த்தாள், பிறகு டோல்மாவை. மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்ட கொஞ்சம் தமிழில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அந்த... விழுற ஐஸ். அங்க என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

டோல்மா சிரித்தாள். "மீன் நாத்தம் அடிக்கும். பரவாயில்லயா?"

இஷ்வரி தான் எழுதிய முதல் எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்துப் பேனாவை மூடினாள்.

வெங்கடவரதன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூன்று பெண்கள், இரண்டு காகிதங்கள், கையெழுத்து ஒன்றுகூட இல்லை. அவர் உதவிக்கு யாராவது வருவார்களா என்பதுபோல் சன்னல் பக்கம் திரும்பினார். "காந்திமதி, நீங்களாவது சொல்லுங்க. இந்த விதி உங்களுக்காகவே வந்தது."

"ஆமா சார்." காந்திமதி மேசைக்கு வந்தாள். "எனக்காக வந்ததுதான். விழுந்த நாள வச்சு மட்டும் ஒருத்தர எடை போடக் கூடாதுன்னு கேட்டேன். விழவே கூடாதுன்னு நான் கேக்கல."

செயலாளர் போனை எடுத்தார். டில்லியில் யாரிடமோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். நடுவில் ஒருமுறை எழுந்து நின்றுகொண்டு கத்தினார். "இல்ல சார், நாலாவது எடத்துல இருக்கற பொண்ணு வரைக்கும் போயும் பிரயோசனம் இல்ல. வெளில வராண்டாவுலயே நிக்குது. அதுவும் மாட்டேன்னு தலையாட்டிட்டு இருக்கு!" என்றார், தன்னையறியாமல் தமிழிலேயே. பதினேழு நிமிஷம் பேசினார். டெல்சியா ஒவ்வொரு நிமிஷத்தையும் சுவர்க்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் டோல்மாவின் கை அவள் கையைப் பிடித்திருந்தது.

போனை வைத்துவிட்டு, வெங்கடவரதன் தன் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் காகிதத்தில் ஏழாவது வரியை அடித்தார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். இரண்டாவது காகிதத்திலும் அடித்தார்.

"இப்ப போடுவீங்களா?" என்றார் கட்டிப்போன தொண்டையால்.

இஷ்வரி போட்டாள். டெல்சியா இடுப்பு வலிக்கக் குனிந்து, தன் முழுப்பெயரையும், பூபாலராயர் என்பதுவரை, ஓர் எழுத்து விடாமல் எழுதினாள்.

"விழுந்தா என்னைத் திட்டாதீங்கம்மா," என்றார் அவர், காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே.

"விழுவேன் சார்," என்றாள் டெல்சியா. "கண்டிப்பா ரெண்டுல ஒண்ணு விழுவேன்."